சிரித்துவிட்டு வெளியேறவும்

எங்கள் ஊரை ஒட்டி ஒரு பெரிய ஏரி இருக்கிறது. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாது. காற்றடிக்கிற நாளில் அலைகூட உண்டு. மக்கள் குளிக்கவும் காற்று வாங்கவும் கரை நெடுக ஆங்காங்கே அரசாங்கமே இடம் ஒதுக்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் தெருவே அங்கேதான் கிடக்கும்.

இந்த இடங்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று நீர்க்கரைகள் துறையில் வெகுகாலம் ஆலோசனை நடந்தது. கடற்கரை என்று வைக்கலாமென்றால் கடல் இல்லை. ஏரிக்கரை என்று வைக்கலாமென்றால், மாடு குளிப்பாட்டுகிற இடம் மாதிரி இருக்கிறதே என்று ஒரு மேலதிகாரி முகம் சுளித்தார். கடைசியில் 'நன்னீர் விளிம்பு மகிழ்விடம்' என்று முடிவாகி, ஒவ்வொரு இடத்திலும் ஆளுயரப் பலகை நட்டார்கள். ஜனங்கள் அந்தப் பலகை நிழலில் உட்கார்ந்துகொண்டு, "பீச்சுக்கு வந்திருக்கோம்" என்று போனில் சொன்னார்கள். நிழலுக்கு அங்கே வேறு எதுவும் கிடையாது.

கிடையாதவை இன்னும் சில இருந்தன. குடிக்கத் தண்ணீர் கிடையாது. கழிப்பறைக்குச் சுவர் இருந்தது, கூரை இருந்தது, கதவு கிடையாது. உள்ளே போகிறவர் வெளியே வருகிற வரைக்கும் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் அடுத்த ஆள் நுழைந்துவிடுவார். வயிற்றுக் கோளாறு உள்ளவர்களுக்குப் பாட்டு போதாமல் போய், பள்ளியில் படித்த வாய்ப்பாட்டை ஒப்பிக்க வேண்டி வந்தது.

ஜனங்கள் குறை சொன்னார்கள். துறை அதை அலட்சியப்படுத்தவில்லை. வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. குழு குளிரூட்டப்பட்ட அறையில் கூடி, மிக ஆழமான ஓர் உண்மையைக் கண்டுபிடித்தது. அதாவது, மக்கள் மகிழ்ச்சியாக இல்லை என்பதுதான் குறை. கதவு இல்லை, நிழல் இல்லை என்பதெல்லாம் அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள். காரணங்களைத் துரத்திக்கொண்டு போனால் முடிவே இராது. இன்று கதவு கேட்பவர்கள் நாளை தாழ்ப்பாள் கேட்பார்கள். ஆகவே காரணங்களை விட்டுவிட்டு, நேராக மகிழ்ச்சியையே கவனிப்பது என்று தீர்மானமாயிற்று.

இப்படிப் பிறந்ததுதான் முழுமகிழ்ச்சித் திட்டம். அதன் சாரம் மிக எளிது. மகிழ்விடத்துக்கு வரும் எவரும் மகிழ்ச்சி அடையாமல் வெளியேற அனுமதிக்கப்பட மாட்டார்.

ஒவ்வொரு கரையையும் கம்பி வேலி போட்டு வளைத்தார்கள். ஒரே ஒரு வாசல் வைத்தார்கள். வாசலில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் மகிழ்ச்சி மதிப்பீட்டு அலுவலர். மேலே, 'தயவுசெய்து சிரித்துவிட்டு வெளியேறவும்' என்று பலகை. கூண்டுக்கு இரண்டு கதவு. அவற்றை எங்கிருந்து வாங்கினார்கள், எந்தச் செலவுத் தலைப்பில் வாங்கினார்கள் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை.

நாங்கள் எதிர்த்தோமா என்றால், இல்லை. கற்றுக்கொண்டோம். ஒரே மாதத்தில் 'வாசல் சிரிப்பு' என்று ஒரு சரக்கு ஊரெல்லாம் புழக்கத்துக்கு வந்துவிட்டது. மேல்வரிசைப் பல் முழுக்கத் தெரிய வேண்டும், கண்ணைச் சற்று இடுக்க வேண்டும், தலையைத் தோள் பக்கம் கொஞ்சம் சாய்க்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க வகுப்புகள் முளைத்தன. சிரிப்புக்குத் தோதாக 'ஏரி நீலம்' என்று ஒரு நிறத்தில் தொளதொளச் சட்டைகள் வந்தன. முறம் அகலத்துக்கு ஓலைத் தொப்பிகள் வந்தன. ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று படம் எடுப்பது நாகரிகமாயிற்று. தண்ணீரில் இறங்குவது அநாகரிகமாயிற்று. குளிர்ந்த தண்ணீரில் நின்றால் உதடு விறைத்து, வாசலில் சிரிப்பு சரியாக விழாது என்று நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். ஏரிக்கு வந்து ஏரியையே பார்க்காமல் திரும்பிய குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று.

இந்த ஏற்பாட்டில் எங்கள் தெருவில் மாட்டிக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தெருக்கோடியில் தையல் கடை வைத்திருக்கும் உம்மணார்.

பிறந்தபோது வைத்த பெயரை அவர் மனைவிகூட யோசித்துத்தான் சொல்ல வேண்டும். உம்மணாமூஞ்சி என்று சின்ன வயதில் கூட்டாளிகள் வைத்தது. கடை வைத்துத் தலை நரைத்த பிறகு மரியாதை சேர்ந்து உம்மணார் ஆகிவிட்டது. மனுஷர் கோபக்காரர் இல்லை. கவலைக்காரரும் இல்லை. முகம் அப்படித் தைக்கப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். ஒருமுறை அவருக்குக் குலுக்கலில் தையல் மெஷின் பரிசு விழுந்தபோது, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்காரர் ஓடிவந்து, "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்று கேட்டார்.

அவர் மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவில் எல்லோருக்கும் நர்ஸம்மா. அந்த அம்மாள் சிரித்தால் இரண்டு வார்டு தள்ளிக் கேட்கும். நர்ஸம்மாவின் தம்பி, அதாவது உம்மணாரின் மச்சினன், செல்போன் கடையில் விற்பனையாளன். ஊரில் எந்த நாகரிகம் வந்தாலும் முதல் ஆளாக அதைப் பிடித்துக்கொள்கிறவன். நான் இங்கே சொல்வதெல்லாம் நர்ஸம்மாவும் மச்சினனும் சொன்னவை. உம்மணார் எதுவும் சொல்லவில்லை.

திட்டம் வந்த பிறகு பல மாதம் உம்மணார் ஏரிப் பக்கம் போகவே இல்லை. கடையில் உட்கார்ந்து மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒருவர் காற்சட்டைக்கு மூன்று கால் வெட்டிவிட்டார். அப்போதுதான் நர்ஸம்மாவுக்குப் புரிந்தது.

"என்னங்க, இந்த ஞாயிறு பீச்சுக்குப் போறோம். ராத்திரி டியூட்டிக்கு முன்னாடி திரும்பிடலாம்."

"வாசல்ல சிரிக்கச் சொல்லுவாங்களே."

"சிரிச்சாப் போச்சு. ஊரே சிரிக்குது."

"ஊருக்கு வருது."

மச்சினன் நடுவில் புகுந்தான். "மாமா, நான் இருக்கேன்ல? நான் முழு வகுப்பும் முடிச்சவன். ஒரே நாள்ல மூணு பீச் பார்க்கிறோம். இப்ப அதுதான் எல்லாரும் பண்றாங்க."

ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

முதலில் கூழாங்கல் கரை. மச்சினன் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டான். உம்மணார் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கல்லுக்குக் கல் தாவி, கணுக்கால் தண்ணீரில் போய் நின்றார். வாசலில் இருந்த அலுவலர் பாதித் தூக்கத்தில் இருந்தார். மச்சினன் முன்னால் பாய்ந்து, அகலமாக ஒரு சிரிப்பை எடுத்து வைத்தான்.

"இது யாருக்கு?" என்றார் அலுவலர்.

"மூணு பேருக்கும் சேர்த்து சார். குடும்பச் சிரிப்பு."

"அப்படி விதியில இல்லையே. ஆளுக்கொண்ணு சிரிக்கணும்."

நர்ஸம்மா சிரித்தார். வேலியில் உட்கார்ந்திருந்த பறவைகள் எழுந்து பறந்தன. உம்மணார் முறை வந்தது. அலுவலர் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி, "யாரு தவறிட்டாங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். விஷயம் விளங்கியதும், "சரி போங்க. ஆனா நீங்க இப்ப 'கவனிக்கத்தக்கவர்'. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வேற ஒரு கரையில மகிழ்ந்து காட்டிடணும்" என்று எச்சரித்து அனுப்பினார்.

இரண்டாவது, மரத்தடிக் கரை. அங்கே மரம் ஒன்று இருந்தது. அதனடியில் துறையின் ஜீப் நின்றது. வாசலில் ஒரு பெண் அலுவலர். உம்மணாரைப் பார்த்ததும் இரக்கம் வந்துவிட்டது அவருக்கு.

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா ஐயா?"

"இருந்தா இவர் முகம் இன்னும் கொஞ்சம் தெளிவா இருக்கும்மா" என்றார் நர்ஸம்மா.

இரண்டாவது எச்சரிக்கையும் விழுந்தது. மூன்றாவது கரையிலும் தேறாவிட்டால், வாசல் அடைக்கும் நேரத்தோடு அவர் 'மகிழ்ச்சிக்குத் தகுதியற்றவர்' ஆகிவிடுவார். அதன்பின் ஆயுளுக்கும் எந்தக் கரையிலும் கால் வைக்க முடியாது. இதை அந்தப் பெண் அலுவலர் மிகுந்த அன்போடு எடுத்துச் சொன்னார்.

மூன்றாவது, நீண்ட மணல் கரை. உம்மணாருக்கு உயிரான இடம். இதுதான் கடைசித் தடவையோ என்னவோ என்று நினைத்தாரோ, நேரே தண்ணீரில் இறங்கி மல்லாந்து படுத்துவிட்டார். கையையும் காலையும் விரித்துக்கொண்டு, அலை தூக்கிய பக்கம் தூங்குமூஞ்சியாக மிதந்தார். வெயில் முகத்தில் விழுந்தது. தண்ணீர் காதுக்குள் சளசளத்தது. கரையிலிருந்த உயிர்காப்பாளர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு விசிலை ஊதிக்கொண்டே நீந்திப் போய், அவரை முடியைப் பிடித்து இழுத்துவந்தார்.

"ஏன்யா இழுத்தே?" என்றார் உம்மணார்.

"உயிரோடதான் இருக்கீங்களா?"

"ரொம்ப நல்லாவே இருந்தேன். இப்பத்தான் கொஞ்சம் தலை வலிக்குது."

அந்த நிலையில்தான் வாசலுக்கு வந்தார்.

அந்தக் கூண்டில் இருந்த அலுவலர் எடை அளவைத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். பல வருஷம் கடைக்காரர்களின் எடைக்கல்லைச் சோதித்து முத்திரை குத்தியவர். நேர்மையானவர். அதனால்தான் எந்த இடத்திலும் அவரை நிலையாக வைத்துக்கொள்ள முடியவில்லை. சிரிப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்வது அவருக்கு ஒத்துவரவில்லை. ஓர் அளவுகோல் கொண்டுவந்து உதட்டோரத்தில் வைத்துத்தான் அளப்பார்.

"சிரிங்க."

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் சார்."

அலுவலர் எழுந்து ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். "எந்தப் பக்கம்?"

"உள்ளுக்குள்ள."

"உள்ள எனக்கு அதிகாரம் கிடையாதுங்க. என் எல்லை முகத்தோட சரி." அளவுகோலை வைத்தார். "ரெண்டு ஓரமும் காதைப் பார்த்துப் போகணும். உங்களோடது காலரைப் பார்த்துப் போகுது."

நர்ஸம்மா முன்னால் வந்தார். "சார், இவரோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவ சொல்றேன். அவர் கால் கட்டை விரலைப் பாருங்க. மணலைக் கிளறிக்கிட்டே இருக்குதா? மனசு குளிர்ந்திருந்தாத்தான் அது அப்படி ஆடும். கல்யாணத்தன்னிக்கே நான் குனிஞ்ச தலையோட அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அலுவலர் குனிந்து பார்த்தார். விரல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. பெருமூச்சு விட்டார். "தெரியுதும்மா. ஆனா கால் எங்க துறையில வராது."

"முயற்சி பண்ணுங்க மாமா" என்றான் மச்சினன். "பல்லைக் காட்டுங்க. கண்ணை இடுக்குங்க. தலையைச் சாயுங்க."

உம்மணார் முயன்றார். முதலில் பல்லைக் காட்டினார். பிறகு கண்ணை இடுக்கினார். பிறகு தலையைச் சாய்த்தார். வரிசையில் பின்னால் நின்ற ஒரு குழந்தை வீரிட்டு அலறி அம்மாவின் தோளில் ஏறிக்கொண்டது. அலுவலர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"வேண்டாங்க. முன்னாடி இருந்ததே தேவலை."

உம்மணாரை மகிழ்வூட்டு அறைக்கு அனுப்பினார்கள். ஒரு காலத்தில் அது உடை மாற்றும் அறை. இப்போது அங்கே ஒரு பெஞ்சும், சிரிப்புச் சத்தம் பதிவு செய்து ஓடவிட்ட ஓர் ஒலிபெருக்கியும் இருந்தன. ஹஹ்ஹஹ்ஹா என்று ஒரு ஆண் குரல், ஹிஹ்ஹிஹ்ஹி என்று ஒரு பெண் குரல், பிறகு ஓர் இருமல், திரும்பவும் ஹஹ்ஹஹ்ஹா. பல்வலிக்காரர் ஒருவர் காலையிலிருந்து உள்ளே உட்கார்ந்திருந்தார். வலி தாங்காமல் அவர் வாயை அகலத் திறந்தபோது, சோதனைக்கு வந்த அலுவலர் அளவுகோலை வைத்துப் பார்த்து, "தாராளமா இருக்கு" என்று விடுவித்துவிட்டார். உம்மணார் தனியானார்.

நர்ஸம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று பேர் வலியெடுத்துக் காத்திருந்தார்கள்.

"நீ போ" என்றார் உம்மணார். "ஏரி போனாப் போகட்டும். நமக்கென்ன, குழாய்ல தண்ணி வருது."

அவர் குரலில் ஒன்றும் தெரியவில்லை. முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கால் விரல் அசையாமல் கிடந்ததை நர்ஸம்மா பார்த்துவிட்டார். அந்த அம்மாள் சிரிக்காமல் இருந்ததை மச்சினன் தன் ஆயுளில் முதல்முறையாக அப்போதுதான் பார்த்தானாம். நர்ஸம்மா நேரே அலுவலர் எதிரில் போய் நின்றார்.

"உங்களுக்கு வீடு வாசல் கிடையாதா சார்? சாயங்காலம் நீங்க வீட்டுக்குப் போக வேண்டாமா?"

"போறதில்லைம்மா."

"ஏன்?"

"நானும் இந்தக் கரையில இருக்கிறவன்தானே? வெளிய போகணும்னா என்னையும் ஒருத்தர் அளக்கணும். என்னை நானே அளந்துக்க விதி இடம் கொடுக்கல. உதவி அலுவலர் பதவி காலியா இருக்கு. திட்டம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து இங்கதான் படுக்கை. வீட்டுல வேலிக்கு அந்தப் பக்கத்துல இருந்து சாப்பாடு நீட்டுவாங்க." நாற்காலிக் கையைத் தட்டிக்காட்டி, "எனக்கு ஏரியைப் பார்க்கிறதுன்னா பிடிக்கும். ஆனா நாற்காலி வாசலைப் பார்த்துப் போட்டிருக்கு" என்றார்.

நர்ஸம்மாவுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் துறையின் துணை இயக்குநர் ஆய்வுக்கு வந்து சேர்ந்தார். ஏரி நீலக் கோட்டு. ஓலைத் தொப்பி. அடுத்த வாரம் திட்டத்தின் ஆண்டு விழாவுக்கு அமைச்சர் அந்தக் கரைக்குத்தான் வரப்போகிறார். மேடை எங்கே, நாற்காலி எங்கே என்று பார்த்துவிட்டு, மகிழ்வூட்டு அறையையும் எட்டிப் பார்த்தார்.

"யாரிது? ஏன் சிரிக்க மாட்டேங்கிறார்?"

"சந்தோஷமாத்தான் இருந்தேன் சார்" என்றார் உம்மணார்.

"அப்ப முகத்துல காட்ட வேண்டியதுதானே? அரசாங்கம் உங்களுக்கு ஒரு கரை குடுத்திருக்கு, காத்து குடுத்திருக்கு, தண்ணி குடுத்திருக்கு. பதிலுக்கு ஒரு சிரிப்பு குடுக்க முடியாதா? இந்த மாதிரி ஆளுங்களாலதான் திட்டம் முழுமை ஆகாம நிக்குது!" என்று பொரிந்து தள்ளிவிட்டு, வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

வாசலில் அளவுகோல் நீண்டது.

"சிரிங்க சார்."

"என்ன?"

"வெளிய போறீங்களே. சிரிங்க."

"யோவ், நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுது சார். நீங்க கையெழுத்துப் போட்ட விதிதான். 'எவரும்'னு எழுதியிருக்கீங்க." அளவுகோலை வைத்துப் பார்த்தார். "தையல்காரரை விடக் கீழே இருக்கு சார்."

துணை இயக்குநர் கத்தினார். கத்தக் கத்த அளவு இறங்கிக்கொண்டே போயிற்று. அதை அலுவலர் ஒவ்வொரு தடவையும் பணிவாக எடுத்துச் சொன்னார். கடைசியில் துணை இயக்குநரையும் மகிழ்வூட்டு அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அதே பெஞ்சு. பக்கத்தில் உம்மணார். ஹஹ்ஹஹ்ஹா, ஹிஹ்ஹிஹ்ஹி, இருமல்.

"இதை நிறுத்த முடியாதா?" என்றார் துணை இயக்குநர்.

"இருமல் நல்லா இருக்கும் சார், கேளுங்க" என்றார் உம்மணார். "அது மட்டும்தான் நிஜமா இருமினது."

துணை இயக்குநர் தன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தார். நிற்கவில்லை. அலுவலகத்தில் கீழே வேலை செய்கிறவர்களிடம் இத்தனை வருஷம் உர்ரென்று இருந்தே பழகிய முகம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மச்சினனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"சார், எதிர்ல அமைச்சர் நிக்கிறதா நினைச்சுக்குங்க."

அவ்வளவுதான். துணை இயக்குநர் துள்ளி எழுந்தார். இடுப்பு தானாக வளைந்தது. கைகள் தாமாகக் கூடின. முகமெல்லாம் பல்லாயிற்று. அந்தச் சிரிப்பு காது வரைக்கும் போய், இன்னும் இடம் கிடைத்தால் போவேன் என்று நின்றது. அலுவலர் ஓடிவந்து அளந்தார். அளவுகோல் போதவில்லை.

"நீங்க போகலாம் சார்."

துணை இயக்குநர் சிரிப்பை அப்படியே தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தபோது, நர்ஸம்மா குறுக்கே நின்றார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். நீங்க சிரிக்கிறதுக்கு அமைச்சரை நினைச்சுக்கிட்டீங்க. அடுத்த வாரம் அமைச்சரே வர்றார். அவர் யாரை நினைச்சுக்குவார்?"

துணை இயக்குநரின் கால் நின்றது. சிரிப்பும் நின்றது. அமைச்சர் சிரித்த முகக்காரர் இல்லை. தேர்தல் சுவரொட்டியில்கூட அவர் எதையோ கடித்துவிட்டவர் மாதிரிதான் இருப்பார். மெதுவாகத் திரும்பி அலுவலரைப் பார்த்தார்.

"ஏம்பா, அமைச்சர் வந்தா நீ... அளக்க மாட்டேல்ல?"

அலுவலர் விறைப்பாக நின்றார். "எடைக்கல் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்."

"அமைச்சரை அந்தப் பெஞ்சுல உட்கார வைப்பியா?"

"தேறலைன்னா வேற வழியில்லை சார். வேணும்னா பெஞ்சைத் துடைச்சு வைக்கிறேன்."

"இவரை உடனே மாத்திட்டா?" என்றான் மச்சினன், உதவி செய்கிற எண்ணத்தில்.

"மாத்தலாம். ஆனா இவர் வெளிய போகணும்னா இவரை அளக்க ஆளில்லையே!" என்று துணை இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். ஏரி அவருக்கு நேர் எதிரே இருந்தது. சூரியன் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அவசரத் திருத்தம் ஒன்றை வாய்விட்டுச் சொல்ல, மச்சினன் அதைப் போனில் பதிவு செய்தான்.

திருத்தம் இதுதான். சிரிப்பவர் மகிழ்ச்சியை வெளிப்படுத்துபவர். சிரிக்காதவர் மகிழ்ச்சியைச் சேமித்து வைத்திருப்பவர். இரு சாராரும் மகிழ்ந்தவராகவே கருதப்படுவர். அழுகிறவர் மகிழ்ச்சி மிகுதியால் அழுகிறவராகக் கொள்ளப்படுவார்.

அன்று மாலை உம்மணார் சேமிப்பாளராக வெளியே வந்தார். நர்ஸம்மா ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அலுவலர் அளவுகோலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, நாற்காலியைத் தூக்கி ஏரிப் பக்கம் திருப்பிப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி கதவைத் திறந்து, யார் வேண்டும் என்று கேட்டதாகச் சொல்கிறார்கள். அதை நான் நம்பவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

ஆண்டு விழா சிறப்பாக நடந்தது. அமைச்சர் வந்தார், சேமித்தார், போனார். விழாவில் துறை ஓர் அறிக்கை வாசித்தது. திருத்தத்துக்குப் பிறகு வந்த அத்தனை பேரும், ஒருவர் விடாமல், மகிழ்ச்சி அடைந்திருக்கிறார்கள். உலகத்தில் வேறெங்கும் எட்டாத இலக்கு. முழுமகிழ்ச்சித் திட்டம் தன் நோக்கத்தை முழுமையாக நிறைவேற்றிவிட்டது. நோக்கம் நிறைவேறிய ஒரு திட்டத்தைத் தொடர்ந்து நடத்துவது மக்கள் பணத்தை விரயம் செய்வதாகும். எனவே இம்மாத இறுதியோடு எல்லா மகிழ்விடங்களும் மூடப்படுகின்றன. மக்கள் தாங்கள் அடைந்த மகிழ்ச்சியை வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். காலியாகும் கரைகளில் துறையின் விருந்தினர் மாளிகைகள் கட்டப்படும்.

இந்தத் தடவை எங்களுக்கே பொறுக்கவில்லை. தெருவே கொதித்தது. வாசல் சிரிப்பு வகுப்பு நடத்தியவர்தான் முதலில் கொதித்தார். நர்ஸம்மா ஆஸ்பத்திரியில் லீவு சொன்னார். உம்மணார் கடையை அடைத்துவிட்டு, இரவல் துணியில் 'எங்கள் கரையை எங்களிடம் விடு' என்று அருமையாகத் தைத்துக்கொண்டு வந்தார். எடை அளவை அலுவலர்கூட வந்து ஓரமாக நின்றார். மணல் கரை வாசலில் ஒரே கூட்டம். தொண்டை கிழியக் கோஷம் போட்டோம். சிலர் வேலிக்கம்பியைப் பிடித்து உலுக்கினோம். எனக்கு இத்தனை கோபம் வரும் என்று எனக்கே தெரியாது.

பத்திரிகையிலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்தார். எங்களுக்குப் பின்னால் ஓர் ஆட்டோமேல் ஏறி நின்று கேமராவைத் தூக்கினார்.

"எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க!"

மறுநாள் முதல் பக்கத்தில் படம் வந்தது. கூட்டம் முழுவதும் அப்படியே தெளிவாக விழுந்திருந்தது. எல்லோருடைய மேல்வரிசைப் பல்லும் தெரிந்தது. எல்லோர் கண்ணும் இடுங்கியிருந்தது. எல்லோர் தலையும் ஒரே பக்கம் தோளில் சாய்ந்திருந்தது. ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். நடுவில் உம்மணாருடைய முகம் மட்டும் எப்போதும்போல இருந்திருக்கும். ஆனால் அவரும் அவர் தைத்த துணியும் இருந்த இடத்தில் செய்தித் தலைப்பை அச்சடித்து மறைத்திருந்தார்கள்.

தலைப்பு: 'மகிழ்விடங்கள் மூடல்: மக்கள் திரண்டு வந்து வரவேற்பு'.

நர்ஸம்மா பத்திரிகையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் காட்டி, "இப்பவாவது புரியுதா?" என்று கேட்டார். எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. கடைக்கு ஓடினோம். நான் போய்ச் சேருவதற்குள் எல்லாப் பிரதியும் விற்றுத் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஒன்று கேட்டு வாங்கி, படத்தை மட்டும் வெட்டி, சட்டம் போட்டு எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். மூன்றாவது வரிசையில் நான் இருக்கிறேன். வந்து பார்க்கிறவர்கள் எல்லோரும், இந்தப் படத்தில் நான் நன்றாக விழுந்திருப்பதாகத்தான் சொல்கிறார்கள்.